சைக்கிளில் வேதாரண்யம்

நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதன் செய்யத்தக்க காரியங்கள் எவை என்பதைப் பற்றி நமது வீட்டில் திட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. பெண்ணின் படிப்பைப் பற்றிக் கவலைப்படலாம். வீட்டுக் கடனின் தவணைகளை எண்ணிப் பார்க்கலாம். மாலையில் மொட்டை மாடியில் கால் மணி நேரம் உலாவலாம். திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரையில் சைக்கிளில் போவது அந்த ஜாபிதாவில் இல்லை.

"பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. எதற்காக இந்த விஷப் பரீட்சை?" என்று நமது கிருகலக்ஷ்மி கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்கு நம்மிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்றை வெளியில் சொன்னோம், மற்றொன்றைச் சொல்லவில்லை.

வெளியில் சொன்ன காரணம், ரத்தத்தில் சர்க்கரை. ஒரு வருஷத்துக்கு முன் டாக்டர் அதைக் கண்டுபிடித்து, "உடம்பை அசைக்காமல் உட்கார்ந்திருக்காதீர்கள்" என்று உத்தரவு போட்டார். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் சைக்கிளில் போய்வரத் தொடங்கினோம். சில மாதங்களில், போகிற வழியில் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறதே என்று வருத்தம் உண்டாயிற்று! அப்படிப்பட்ட வருத்தம் உண்டானவன் தூரப் பிரயாணத்துக்குத் தயாராகிவிட்டான் என்று அர்த்தம்.

சொல்லாத காரணம், அடுத்த தெருவில் இருக்கும் கணக்கு வாத்தியார். எங்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் மனைவியை இழந்தார். அதற்குப் பிறகு வாசலைப் பார்த்தபடி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே அவருக்கு உத்தியோகமாகிவிட்டது. அவர் பள்ளிக்கு ஓட்டிவந்த கறுப்புச் சைக்கிள் தாழ்வாரத்தில் தூசி படிந்து நின்றது.

"தனியாகப் போகப் பயமாயிருக்கிறது, ஸார். துணைக்கு நீங்கள் வரவேண்டும்" என்று அவரிடம் சொன்னோம். அது பொய். ஆனால் புண்ணியமான பொய் என்று எண்ணிக்கொண்டோம். அந்தப் பொய் ஐந்தாம் நாள் மெய்யாகிவிட்ட கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

* * *

வேதாரண்யத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் ராஜாஜி உப்பு எடுக்கப் புறப்பட்டு நடந்த பாதை அது. ஏறக்குறைய 150 மைல். சித்திரை வெய்யிலில் பதினைந்து நாள் நடந்து 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். ராஜாஜிக்கு அப்போது வயது 51. ஆஜானுபாகுவும் அல்ல. அவர் நடந்த தூரத்தை நாங்கள் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு போவதற்கு வயதைச் சாக்காகச் சொல்ல முடியுமா?

ஏற்பாடுகள் சொற்பம். ஆளுக்கு இரண்டு மாற்றுத் துணி, ஒரு போர்வை, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்ப், தண்ணீர், நமக்கு மாத்திரையும் கொஞ்சம் கடலை மிட்டாயும். மூட்டையை முதுகில் சுமக்கக்கூடாது, காரியரில்தான் கட்டவேண்டும். ஆசனத்தின் உயரம் மிகவும் முக்கியம். மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நிற்கவேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கும். ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்றும், மணிக்கு ஒரு முறை இறங்கிப் பத்து நிமிஷம் நிற்பது என்றும், பதினொரு மணிக்கு மேல் வெய்யிலில் ஓட்டுவதில்லை என்றும் கணக்கு வாத்தியார் சட்டம் எழுதினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் பென்சிலைக் கையில் எடுத்தது அன்றைக்குத்தான்.

* * *

தை மாதத்து விடியற்காலை. காவேரிக் கரையில் பனி புகை போலப் படிந்திருந்தது. ஐந்தரை மணிக்குப் புறப்பட்டுக் கல்லணையை அடைந்தபோது சூரியன் அப்போதுதான் தலை காட்டினான். கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் அந்த அணை ஆயிரம் அடிக்கு மேல் நீளம். காவேரி, கொள்ளிடம், வெண்ணாறு, 1934-ல் வெட்டி முடித்த புது ஆறு என்று தண்ணீர் இங்கே நான்காகப் பிரிகிறது. காரில் பலமுறை இங்கே வந்திருக்கிறோம். இறங்கி, படம் எடுத்து, திரும்பியிருக்கிறோம். சைக்கிளில் வந்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அணைக்கு முன்பே காற்றின் வாசனை மாறுகிறது. ஈரம், சேறு, நாணல் எல்லாம் கலந்த வாசனை. மூடிய கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

அதற்கப்பால் வழியெங்கும் விளைந்து தலை சாய்ந்த சம்பா வயல்கள். சில இடங்களில் அறுவடை முடிந்து சாலையின் பாதியில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். லாரிக்காரர்கள் ஹாரனை அடித்துக்கொண்டு அதன்மேலேயே போனார்கள். நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். "ஓரமா ஓட்டிக்கிட்டே போங்க ஐயா, பரவாயில்லை" என்று நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த கிழவி சொன்னாள். கணக்கு வாத்தியார் ஒப்பவில்லை. "சாப்பிடுகிற பொருள் அம்மா" என்றார். இறங்கி நின்ற அந்த ஐந்து நிமிஷத்தில் கிழவியின் பேத்தி எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பது முதல் பின்னங்களில் அவளுக்குள்ள தகராறு வரையில் எல்லாம் விசாரணையாகிவிட்டது.

முதல் நாள் திருவையாற்றில் தங்கினோம். தியாகராஜ ஸ்வாமிகளின் ஆராதனைக்காகச் சமாதியருகே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். திருவையாற்றின் மற்றொரு பெருமையாகிய அசோகா அல்வாவை நண்பர் சாப்பிட்டார். நாம் தரிசனம் மட்டும் செய்தோம். மறுநாள் காலை தஞ்சாவூர் போகும் வழியில் காவேரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைத் தாண்டினோம். பஸ்ஸில் உறங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இவை ஐந்து குலுக்கல்கள். சைக்கிள்காரனுக்கோ ஒவ்வொரு பாலமும் ஒரு சிறு மலை. ஏறவேண்டும், பிறகு மிதிக்காமல் இறங்கலாம். ஐயாறு என்ற பெயரின் பொருளை அன்று எங்கள் கால்கள் கற்றுக்கொண்டன.

* * *

இரண்டாம் நாள் மாலை கும்பகோணம் சேர்ந்தோம். மூன்றாம் நாள் காலையில் நண்பர் ஒரே ஒரு வரம் கேட்டார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பார்க்கவேண்டும் என்றார். வாசலில் திண்ணை, உள்ளே சிறு அறை, தெருவைப் பார்த்த ஜன்னல். அந்தச் சிறிய வீட்டை இப்போது நினைவிடமாகப் பாதுகாக்கிறார்கள். நண்பர் அந்த ஜன்னலருகில் வெகுநேரம் நின்றார்.

"1887-ல் பிறந்தார், 1920-ல் போய்விட்டார். முப்பத்திரண்டு வயது" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்குக் கிடைத்தது அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மீதி இருப்பதை நாற்காலியில் செலவழித்துவிட்டேன் போலிருக்கிறது" என்றார். நாம் பதில் சொல்லவில்லை. அன்று வலங்கைமான் வரையில் அவர் சைக்கிள் நமக்கு முன்னாலேயே போயிற்று.

1930-ல் தஞ்சை ஜில்லாக் கலெக்டராக இருந்த தோர்ன் துரை, தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை கிடைக்கும் என்று எச்சரித்திருந்தார். ஜனங்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். இதைப் பாடப் புத்தகத்தில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். நீடாமங்கலத்துக்குப் போகும் சாலையில், பசித்த வயிற்றோடு, புளியமரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனபோதுதான் அந்தப் பாடம் நமக்கே புரிந்தது. பசிக்கிறவனுக்கு மரம் எவ்வளவு மெதுவாக வருகிறது! கட்டிவிட்டுப் போன அந்தப் பெயர் தெரியாத கைகளை நினைத்துக்கொண்டோம்.

மதிலுக்கு மன்னார்குடி, விளக்குக்கு வேதாரண்யம் என்பார்கள். மன்னார்குடியில் மதிலையும், கடல்போல் விரிந்த ஹரித்ரா நதித் திருக்குளத்தையும் பார்த்துவிட்டு நான்காம் நாள் திருத்துறைப்பூண்டி சேர்ந்தோம். பள்ளிக்கூடம் விடும் நேரம். அரசாங்கம் கொடுத்த சைக்கிள்களில் பெண் குழந்தைகள் வரிசையாகப் பேசிச் சிரித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். நமது கர்வத்துக்கு அது நல்ல மருந்து.

* * *

ஐந்தாம் நாள், கடைசி முப்பத்தைந்து கிலோமீட்டர். அன்று வாடைக் காற்று பிடித்துக்கொண்டது. கடற்பக்கத்து வெளி, தடுப்பதற்குப் பெரிய மரங்கள் இல்லை. 2018 நவம்பர் 16-ந் தேதி கரையேறிய கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளை ஆயிரக்கணக்கில் வீழ்த்திவிட்டது. அதற்குப் பிறகு நட்ட இளங்கன்றுகள்தான் வழியெல்லாம். காற்று இடப்புறமிருந்து முகத்தைச் சாய்த்து அடித்தது. நாமோ அதை ஜயித்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தோம். ஒரு மணி நேரத்தில் முழங்கால் வலித்தது, கை நடுங்கியது, நெற்றியில் குளிர்ந்த வேர்வை கண்டது. ஒரு டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, "பஸ்ஸில் போய்விடலாம், ஸார். நம்மால் ஆகாது" என்றோம்.

கடைக்கார அம்மாள் எங்கள் சைக்கிள்களைப் பார்த்தாள். "எந்த ஊருங்க?" என்றாள். சொன்னோம். "திருச்சியிலேருந்து மிதிச்சே வந்துட்டு, இங்கே வந்தா பஸ் ஏறுவாங்க?" என்றாள். பதில் சொல்ல நமக்கு வெட்கமாயிருந்தது.

கணக்கு வாத்தியார் நிதானமாக டீயைக் குடித்து முடித்தார். நமக்கு நடுக்கம் நிற்கும் வரையில் அரை மணி நேரம் காத்திருந்தார். இரண்டு இட்டிலி சாப்பிட வைத்தார். பிறகு சொன்னார்: "உங்கள் சைக்கிளில் இருபத்தொரு கியர் இருக்கிறது. காலையிலிருந்து நீங்கள் ஒன்றைத்தான் உபயோகித்தீர்கள். அதுவும் பெரியதை! காற்றோடு நமக்கு என்ன சண்டை? சின்னதில் போட்டுக் காலைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். மணிக்கு எட்டு கிலோமீட்டர் வந்தால் போதும். மீதி பதினாறு. இரண்டு மணி நேரக் கணக்கு. நான் முன்னால் போகிறேன்; என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி வாருங்கள்."

கியர் இல்லாத தமது கறுப்புச் சைக்கிளில், அறுபத்தொரு வயதில், அவர் முன்னால் போனார். காற்று முதலில் அவர்மேல் பட்டு, மிச்சம்தான் நம்மேல் பட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்தார், பரீட்சை எழுதும் மந்தப் பிள்ளையைப் பார்ப்பதுபோல. துணைக்கு வரவேண்டும் என்று நாம் சொன்ன பொய் அந்தச் சாலையில் மெய்யாயிற்று.

இளமையில் சைக்கிள் ஓட்டுவது பிறரை முந்துவதற்காக. நடுவயதில் ஓட்டினால், முந்தவேண்டிய ஒருவரும் எதிரில் இல்லை என்பது தெரியவருகிறது. சின்ன கியரில் போகச் சம்மதித்தவனுக்கு ஊர், மரம், மனிதர், காற்று எல்லாம் கிடைக்கின்றன, முழங்காலும் மிஞ்சுகிறது. இந்த ஞானத்தைப் பெற 200 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்கவேண்டியிருந்தது.

அகஸ்தியம்பள்ளியில், 1930 ஏப்ரல் 30-ந் தேதி ராஜாஜி உப்பெடுத்துக் கைதான நினைவாக எழுப்பிய ஸ்தூபியின் அருகே இறங்கினோம். சுற்றிலும் உப்பளங்கள். மழைக்காலம் முடிந்து பாத்திகளைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். பழைய உப்புக் குவியல்கள் கீற்று மூடிக் கிடந்தன. ஒரு தொழிலாளியிடம் கேட்டு ஆளுக்கு ஒரு பிடி உப்பு வாங்கினோம். அதற்காகக் கைது செய்ய இப்போது ஒருவரும் வரவில்லை! நண்பர் தமது பங்கைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சர்க்கரை வியாதி ஓடிப்போய்விட்டது என்று நாம் சொல்லமாட்டோம். நேயர்களில் வயதானவர்கள் டாக்டரைக் கேளாமல் கிளம்பவும் வேண்டாம். ஆனால் தாழ்வாரத்தில் ஒரு பழைய சைக்கிள் தூசி படிந்து நின்றால், சக்கரத்துக்குக் காற்றடித்துப் பாருங்கள். முதல் நாள் அடுத்த ஊர் வரையில் போனால் போதும்.

ஸ்தூபியின் நிழலில் உட்கார்ந்திருந்தபோது, "அடுத்த விடுமுறை எப்போது?" என்று கணக்கு வாத்தியார் கேட்டார்.

"உங்களுக்குத்தான் எப்போதும் விடுமுறையாயிற்றே, ஸார்!" என்றோம்.

"எனக்கு இல்லை. உங்களுக்கு எப்போது என்று கேட்டேன்" என்றார், சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டே.