வானத்துப் பையும் எட்டாக்கனியும்



பீர்க்கன்கரணையில் வாடகை வீட்டில் நாங்கள் குடியேறிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது பேரூராட்சியாக இருந்த ஊர், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. 2023 டிசம்பரில் அருகிலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. எங்கள் சேமிப்பு ஓரடி நகர்ந்தால் மனை விலை பத்தடி நகர்ந்தது. வட்டிக்குக் கடன் வாங்கி வீடு கட்டுவதில்லை என்பது திருமணமான நாளிலேயே நாங்கள் இருவரும் எடுத்த முடிவு. அந்த முடிவோடுதான் இத்தனை ஆண்டுகளையும் கடந்து வந்திருக்கிறோம்.

சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, இஷாவுக்குப் பின் சாப்பிட அமர்ந்திருந்தபோது இந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டான எங்கள் மகன், வங்கிக் கடன் தனக்கு எளிதில் கிடைக்கும் என்றான். நாங்கள் மறுத்தோம். அவன் சிரித்துக்கொண்டே, "வட்டியில்லாம தாம்பரத்துல வீடா? அதெல்லாம் பை இன் த ஸ்கை" என்றான்.

வீட்டின் மூத்தவரான எங்கள் உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "வானத்துல ஏதுடா பை? யாரு கொண்டு போய் மாட்டுனா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அந்தப் பையை வானத்தில் மாட்டியது உண்மையில் யார்?

ஆங்கிலத்தில் 'பை' என்பது மாவுக்குள் பழமோ இறைச்சியோ பொதிந்து சுடும் பண்டம். இனிமையாகச் சொல்லப்பட்டும் கைக்கு வராத திட்டத்தையும் வாக்குறுதியையும் இன்று அலுவலகத்திலும் தேர்தல் மேடையிலும் இந்தத் தொடரால் குறிக்கிறார்கள். இதைப் பரப்பியவர் ஜோ ஹில். 1879-ல் சுவீடனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கூலித் தொழிலாளி, தொழிற்சங்கப் பாடலாசிரியர். 1911-ல் அவருடைய சங்கத்தின் பாடற்புத்தகத்தில் வெளிவந்த பாட்டொன்று, பசித்த தொழிலாளியிடம் மறுமையைப் பற்றி மட்டும் பேசிய போதகர்களை எள்ளி நகையாடியது. 'இப்போது பொறுத்துக்கொள், இறந்த பின் வானத்தில் பண்டம் கிடைக்கும்' என்கிறார்களே என்பதுதான் அதன் கேலி. தெருமுனைகளில் தொழிற்சங்கத்தாரோடு போட்டியிட்டுப் பிரசங்கம் செய்த இரட்சணிய சேனையினரே அதன் இலக்கு. அச்சேனையினர் ஏழைகளுக்கு உணவிட்டதும் உண்டு என்பதை நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். ஜோ ஹில் 1915 நவம்பரில் யூட்டா மாநிலத்தில் கொலைக் குற்றச்சாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றவாளியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அவருடைய தொடர் மட்டும் கடல் கடந்து எங்கள் சாப்பாட்டு விரிப்பு வரை வந்துவிட்டது.

கிடைக்காத பொருளைச் சொல்ல நம் தமிழிலும் தொடர்கள் பல உண்டு. ஒவ்வொன்றும் குறையை ஒவ்வோர் இடத்தில் வைக்கிறது. முயற்கொம்பு என்றால் அப்படியொரு பொருளே இல்லை. கானல் நீர் என்றால் கண் ஏமாற்றுகிறது. மனக்கோட்டை என்றால் கட்டியவரே ஏமாறுகிறார். எட்டாக்கனியில் கனி உண்மையாகவே இருக்கிறது, கைதான் எட்டவில்லை. 'பை இன் த ஸ்கை' இவை எதையும் போன்றதன்று. அதில் வாக்களித்தவர் ஒருவர் இருக்கிறார். தட்டில் வைக்க வேண்டியதை வானத்துக்கு ஒத்திவைத்தவர் அவர். ஆகவே அது கனவு காண்பவரைவிட வாக்களித்தவரின் மீதே வைக்கப்படும் குற்றச்சாட்டு.

அப்படியானால் எங்கள் மகன் யாரைக் குற்றம் சாட்டினான்? அல்லாஹ்வையா? இல்லை, அவன் தொழுகையை விடாதவன். எங்களைத்தான். 'வட்டி ஹராம், பொறுமையாக இரு, மறுமையில் கூலி உண்டு' என்று ஆண்டுக்கணக்கில் சொன்னோம். மாற்று வழியென ஒன்றையும் காட்டவில்லை.

நம் மார்க்கம் மறுமையைக் காட்டி இம்மையின் பசியை மறைக்கச் சொல்லவில்லை. தவாஃபில் ருக்னுல் யமானிக்கும் ஹஜருல் அஸ்வதுக்கும் இடையே நாம் ஓதும் துஆ, இம்மையிலும் நன்மையைக் கேட்கிறது, மறுமையிலும் நன்மையைக் கேட்கிறது. 107-ஆவது அத்தியாயமான சூரத்துல் மாஊன், அநாதையை விரட்டுபவனையும் ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் தீர்ப்பு நாளைப் பொய்ப்பிப்பவன் என்று அடையாளம் காட்டுகிறது. மறுமையை நம்புவதன் அடையாளமே இன்று வைக்கும் சோற்றுத் தட்டு என்றல்லவா ஆகிறது! 2015 டிசம்பர் வெள்ளத்தில், நமக்குப் பக்கத்திலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய நாள்களில், சென்னைப் பள்ளிவாசல்கள் பல மதம் பாராமல் கதவைத் திறந்து தங்க இடமும் உணவும் தந்தன. அந்த நாள்களில் நம்மைப் பார்த்து ஜோ ஹில்லின் கேலியை எவரும் வீசியிருக்க முடியாது.

கடன் விஷயத்தில் மட்டும் நாம் பின்தங்கிவிட்டோம். மகன் தன் பக்கத்துக்கு ஒரு சான்றும் வைத்தான். ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-ல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. ஆனால் இஸ்லாமிய வங்கித் திட்டத்தை மேற்கொண்டு தொடரப்போவதில்லை என்று 2017-ல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அது உண்மைதான். நாங்கள் மலேசியாவைச் சொன்னோம். வட்டிக்கு அஞ்சி வங்கியை நாடாத கிராமத்து மக்கள், பணத்தை வீட்டிலேயே ஒளித்து வைத்தும், நிலத்தையும் கால்நடைகளையும் விற்றும் ஹஜ்ஜுக்குப் போன காலம் அங்கே இருந்தது. பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ் 1959-ல் அவர்களுக்காக ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். 1963-ல் அது நிறுவனமாக உருவெடுத்தது. இன்று தாபுங் ஹாஜி என்ற பெயரில் இயங்குவது அதுவே. யாரோ ஒருவர் ஏணி கொண்டு வந்ததால் எட்டாக்கனி எட்டியது.

"அங்க அரசாங்கம் செஞ்சுது. இங்க யார் செய்வா?" என்றான் மகன்.

அதற்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, ஆலிம் ஒருவரிடம் விளக்கம் கேட்டு, உறவினர்களை அழைத்துப் பேசினோம். பன்னிரண்டு குடும்பங்கள் மாதம் 5,000 ரூபாய் போடுவது. தேவை மிகுந்தவருக்கு முதலில் கடன். வாங்கிய தொகையை மட்டும் தவணையில் திருப்புவது. எல்லாவற்றையும் எழுதி வைப்பது. அழகிய கடன் என்று குர்ஆன் போற்றும் கொடையின் நிழலில் ஒரு சிறு முயற்சி. கணக்கெழுதும் பொறுப்பை மகனிடமே கொடுத்தோம்.

முதல் 60,000 ரூபாய் எங்கள் வீட்டுக் கனவுக்கு வரவில்லை. உறவுக்காரப் பெண் ஒருத்தியின் நர்சிங் படிப்புக் கட்டணத்துக்குப் போனது. ஒரு குடும்பம் இரண்டு தவணை தாமதித்தது. சங்கடமான பேச்சுகளும் நடந்தன. பீர்க்கன்கரணையில் ஒரு மனை வாங்க இந்தத் தொகை எந்த மூலைக்கும் போதாது என்பதும் எங்களுக்குத் தெரியும். நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். ஒருவேளை கடைசிவரை இங்கேயே இருக்கவும் நேரலாம்.

சென்ற மாதம் கணக்கு நோட்டை மூடியபடி மகன் சொன்னான்: "வீடு இப்போதைக்கு எட்டாது. ஆனா அந்தப் பொண்ணு ஃபீஸ் கட்டிட்டா." உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

நம் வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இப்படியொரு சொல்லை வீசும்போது நாம் உடனே கோபம் கொள்கிறோம். ஈமான் குறைந்துவிட்டதோ என்று அஞ்சுகிறோம். அதற்கு முன், அவர்களிடம் நாம் என்ன வாக்களித்தோம், அதில் எவ்வளவை நம் கையால் செய்து காட்டினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் அல்லவா நாம்!

இம்மையிலும் மறுமையிலும் நன்மையை நாடுவோருக்கு, அதற்காக உழைக்கும் கைகளையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.