சும்மா கூட்டிப்போன கொம்பி வேனுக்கு

அன்புள்ள கொம்பியே,

கினிகத்தேனை ஏற்றத்தில் உன்னைப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் உன் அருமை தெரியும். கித்துல்கலயைத் தாண்டியதும் ஏ7 வீதி மலையைப் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு வளைவு கியரைக் குறைக்க வேண்டும். என் சின்ன வயதில் ஒஸ்டின்களும் மொரிஸ்களும் பாதி ஏற்றத்தில் பொனட்டைத் திறந்துவைத்து ஆவி பறக்க நிற்கும். ட்ரைவர்மார் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு பீலிக்கு ஓடுவார்கள், ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க. உனக்கு ரேடியேட்டரே கிடையாது. பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் உன் எஞ்ஜினுக்குக் காற்றுதான் தண்ணீர். பின்சக்கரங்களோடு சேர்ந்த சின்னப் பல்சக்கரப் பெட்டிகள் உனக்கு இழுவை தந்தன. வேகமில்லை உனக்கு, ஆனால் நடுவழியில் மூச்சு வாங்கி நின்றதும் இல்லை. அப்படியும் சித்தப்பா உன்னைப் பீலியடியில் நிறுத்துவார். அந்தத் தண்ணீர் எங்களுக்கு. இரண்டு கையையும் குவித்து வயிறு குளிரக் குடித்துவிட்டு ஏறுவோம். அந்தத் தண்ணீருக்கே உனக்கு நான் கடன்பட்டவள்.

எங்கள் வீட்டு மூத்தவளே, நீ அறுபதுகளில் பிறந்தவள், எனக்கு முன்னால் உலகம் பார்த்தவள். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும் பழைய வார்ப்பு. ஒரு தோட்டத்துத் தொரையின் பங்களாக் கொட்டகையில் கிடந்த உன்னைச் சித்தப்பா பழைய இரும்பு விலைக்குத்தான் வாங்கினார். 1977க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்து ஜப்பான் வேன்கள் வந்து குவிந்தபோது உன்னைப் போன்றவர்களை மதிக்க ஆளில்லாமல் போயிற்று. அதற்கு முந்தின பஞ்ச காலத்தில் வாகனம் பழசாகிவிட்டது என்று தூக்கிப்போட யாருக்கும் துணிவில்லை. கிடைக்காத சாமானை லேத் பட்டறையில் கடைந்தெடுத்தார்கள், உடைந்ததை ஒட்டினார்கள், ஒட்ட முடியாததற்கு வேறு வழி கண்டார்கள். அந்தக் கை இந்த ஊர் கராஜ்களில் மிச்சமிருந்ததால்தான் நீ பிழைத்தாய். உன் அடித்தகட்டைப் பிடுங்கிப் புதிதாக அடித்துத் தந்த சிங்களத் தகர பாஸ், கூலியைப் பேசாமலே வேலையைத் தொடங்கிய மனிதர். உனக்குச் சொல்லும் நன்றியில் அவருக்கும் பங்கு உண்டு.

என் அருமைக் கொம்பியே, உன் உள்ளறையை யாரும் கம்பனியில் வாங்கவில்லை. சித்தப்பா தேயிலைப் பெட்டியில் செய்தார். அப்போது தேயிலை காகிதச் சாக்கில் போகவில்லை. விளிம்பில் தகரப் பட்டி அடித்த ப்ளைவுட் பெட்டிகளில் போனது. கழித்துவிட்ட பெட்டிகளைப் பிரித்து உனக்கு அலுமாரி, மடிக்கும் மேசை, அடியில் சாமான் வைக்கும் கட்டில் எல்லாம் ஆயிற்று. பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளைக்கூட அவர் வீணாக்கவில்லை. அடுப்புச் சூடு பலகையில் படாதபடி அதைப் பின்னால் பரப்பி ஆணி அடித்தார். அலுமாரிக் கதவைத் திறந்தால் உள்பக்கம் கறுப்பு மையில் ‘பீ.ஓ.பீ.’ என்ற தேயிலைத் தர அச்சு இன்றும் தெரிகிறது. அம்மா கொய்த கொழுந்துதான் அரைபட்டு, சலிக்கப்பட்டு, அந்த மூன்று எழுத்தில் கப்பலேறியது. கொழுந்து போய்விட்டது, பெட்டி எங்களிடம் திரும்பி வந்தது. ஜன்னல் திரைக்கு அம்மாவின் நைந்த நூல் சேலை, ஊதா நிறம். தையல் மட்டும் என்னுடையது.

கொம்பியே, உன் பரம்பரையையும் நான் தேடிப் படித்திருக்கிறேன். ஒல்லாந்து வியாபாரி பென் பொன் 1947இல் தன் குறிப்பேட்டில் கிறுக்கிய ஒரு பெட்டிப் படம்தான் உனக்கு விதை. 1950இல் வொல்ஸ்பேர்க் ஆலையில் உன் இனம் பிறந்தது. அடுத்த வருடமே வெஸ்ட்பாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் உனக்குள் கட்டிலும் அலுமாரியும் வைக்கத் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னால், 1885இல், கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் குதிரை இழுக்கும் வீடொன்றைக் கட்டுவித்து, ‘வொண்டரர்’ என்று பேர் வைத்து, இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்து வரை ஊர்ந்து போனார். அமெரிக்காவில் அலுமினியம் பளபளக்கும் ஏர்ஸ்ட்ரீம் பெட்டிகளைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். எழுபதுகளில் உன் சகோதரிகள் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் என்று தரைவழியாகவே இந்தியா வரை வந்தார்கள். 1979இல் ஈரானும் ஆப்கானிஸ்தானும் கொந்தளித்தன, அந்தப் பாதை அடைபட்டது. பிரேசிலில் மட்டும் 2013 வரை உன் வம்சம் பிறந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு பெரிய உலகத்துக்காரி நீ, கினிகத்தேனைக் கடைவீதியில் மீன் லொறிக்குப் பின்னால் பொறுமையாக நின்றாய்.

மூத்தவளே, எங்கள் சனங்களுக்குப் பயணம் என்றால் என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும். கோப்பிக் காலத்தில் முதல் தலைமுறை மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தது. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்குபோட்டார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ஏறுகிறவர்களும் அழ, வழியனுப்புகிறவர்களும் அழ, எந்த ஸ்டேஷனிலும் அதே காட்சி. அதற்குப் பிறகும் பயணம் என்றால் கலியாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில் திருவிழா. திறந்த லொறியின் பின்னால் நின்றபடி, இல்லாவிட்டால் கொழுந்து ட்ரெக்டரில்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் லயத்து முன்னால் உன்னை நிறுத்திச் சித்தப்பா கூப்பிட்டபோது அம்மாவின் முகம் வெளுத்தது.

“அண்ணி, ஏறுங்க. போய்ட்டு வருவோம்.”

“யாருக்கு என்னாச்சி தம்பி?”

“யாருக்கும் ஒன்னும் இல்ல அண்ணி. சும்மாதான்.”

“சும்மாவா?”

அம்மா நம்பவில்லை. உள்ளே போய் மாற்றுச் சேலையையும் அடையாள அட்டையையும் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். சோதனைச் சாவடிகள் இருந்த காலம் அது, அட்டை இல்லாமல் தமிழர் வெளியே இறங்க முடியாது. வட்டவளை தாண்டும் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹட்டனில் திரும்பவும் கேட்டாள், யாரையாவது பார்க்கப் போகிறோமா என்று. இல்லை என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அன்புக் கொம்பியே, தலவாக்கலை வழியில் டெவன் அருவிக்கு எதிரே உன்னை ஓரங்கட்டினோம். 97 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரைப் பார்க்க உலகமெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அம்மா முதலில் அருவியைப் பார்க்கவில்லை. பக்கத்து மலையைப் பார்த்தாள். “கவ்வாத்து வெட்டி நாளாச்சி. இந்த மலைல கொழுந்து எடுக்கிறது கஷ்டம்” என்றாள். உன் பக்கக் கதவு இரண்டையும் விரித்து, படியில் அவளை உட்காரவைத்து, தேயிலைப் பெட்டி அலுமாரியிலிருந்து கோப்பையை எடுத்துச் சாயத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கிக் குடித்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து அருவியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கூடை இல்லாத முதுகோடு, நேரம் சொல்லும் சங்கு இல்லாமல், யாரும் அதட்டாமல் அவள் ஒரு மலையின் முன்னால் உட்கார்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. வேறெதற்கு இல்லாவிட்டாலும் அந்த ஒரு நாளுக்காக உனக்கு இந்த மடலை நான் எழுதியிருப்பேன்.

கொம்பியே, சின்ன வீட்டின் அழகைப் புகழ்ந்து எழுதுகிறவர்களை நானும் படிக்கிறேன். குறைந்த பொருளோடு வாழ்வதில் நிம்மதி என்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஏழு பேராகப் படுத்து வளர்ந்தவளுக்கு அந்தப் பேச்சு தொண்டையில் இறங்காது. நீ காம்பிராவைவிடச் சின்னவள். 14 அடி நீளம், ஆறடிக்கும் குறைந்த அகலம், அதிலும் ட்ரைவர் இடமும் எஞ்ஜினும் போக மிச்சம்தான் எங்களுக்கு. ஆனாலும் உனக்குள் எனக்கு ஒருநாளும் மூச்சு முட்டவில்லை. லயத்தின் கதவு தோட்டம் காட்டிய பக்கம் திறந்தது. உன் கதவு நாங்கள் விரும்பிய பக்கம் திறந்தது. ஒரு நாள் கெசல்கமு ஓயா, ஒரு நாள் அபர்டீன் அருவி இறங்கும் பாதை, ஒரு நாள் கிரெகரி ஏரி. லயம் எத்தனை தலைமுறை இருந்தாலும் எங்கள் பேரில் இல்லை. உன்னுடைய பதிவுப் புத்தகத்தில் சித்தப்பாவின் பேர் இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் சும்மா சும்மா எடுத்துப் பார்ப்பார்.

வட்டவளை மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் நாள்கணக்கில் விடாது. உன் கூரைத் தகரத்தில் அது கொட்டும்போது பேசுவது கேட்காது. ஜன்னல் றப்பர் வழியே ஒழுகும் இடங்களில் கோப்பைகளை வைத்துவிட்டு மழையைக் கேட்டபடி படுத்திருப்போம்.

எங்கள் பெரியவளே, கொரோனாக் காலத்தை நான் மறக்க மாட்டேன். தனித்திருங்கள், தனி அறையில் வையுங்கள், தனிக் கழிப்பறை என்று வானொலி சொல்லிக்கொண்டேயிருந்தது. லயத்தில் தனி அறைக்கு எங்கே போவது? ஒரு காம்பிராவில் இருமினால் சுவருக்கு அப்பால் கேட்கும். பக்கத்து லயத்தில் ஒரு கர்ப்பிணிப் பிள்ளையின் மாமியாருக்குக் காய்ச்சல் கண்டபோது சித்தப்பா உன்னைத் தள்ளிக்கொண்டுபோய் மாட்டுப்பட்டிப் பக்கம் நிறுத்தினார். அந்த அம்மா உனக்குள் இருந்தார். சோற்றுப் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு விலகி வந்தோம். அவர் எழுந்து நடமாடி வெளியே வந்தார், பிள்ளைக்கும் குறையில்லாமல் பிரசவமானது. கட்டில் பலகையைக் கழற்றி வெயிலில் போட்டு, டெட்டோல் ஊற்றிக் கழுவி, திரும்ப மாட்டினோம். அதன் பிறகும் சில பேர் உனக்குள் தங்கி எழுந்தார்கள். நீ எந்தச் சீமைக்கும் போகாமல், எஞ்ஜினை முடுக்காமல் செய்த அந்த வேலை நீ ஏறிய எல்லா மலைகளையும்விட எனக்குப் பெரிது.

கொம்பியே, 2022இல் பெற்றோல் வரிசை கினிகத்தேனைச் சந்தியையும் தாண்டி நின்றதே, அப்போதும் நீ சும்மா இருக்கவில்லை. கியூஆர் பங்கீட்டில் கிடைத்த லீற்றர்களை அவசரத்துக்கென்று ஒதுக்கிவிட்டு உன்னை முற்றத்தில் நிறுத்தினோம். அண்ணன் மகள் சாதாரண தரப் பரீட்சைக்கு உன் மடிப்பு மேசையில்தான் படித்தாள். மின்வெட்டு நேரத்தில் உன் பற்றரியிலிருந்து ஒரு சின்ன பல்ப். அவளுக்குக் கணிதத்தில் ஏ.

இப்போது உன்னைத் தேடிக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய வாகனங்களுக்கு மவுசு ஏறிவிட்டது. பிரிந்த கண்ணாடிக் கொம்பிக்கு உலகம் முழுக்க விலை எகிறிக்கிடக்கிறது. உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டுப் புதுசாகப் பண்ணுவோம் என்றார் ஒருவர். தேயிலைப் பெட்டி அலுமாரியைத் தட்டிப் பார்த்து, இது வேண்டாம் என்றார். சித்தப்பா தேத்தண்ணி கொடுத்து அவரை மரியாதையாக அனுப்பிவைத்தார்.

அன்புள்ள கொம்பியே, உந்துவப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலைக்குப் பருவம் தொடங்குகிறது. நல்லதண்ணிக்கு உன்னைக் கொண்டுபோவதாகச் சித்தப்பா பேசுகிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் மஸ்கெலியா இறக்கத்துக்கு உன் பின் ப்ரேக் போதாது. சில்லைக் கழற்றிப் பார்க்காமல் எடுக்க விடமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஜன்னல் றப்பர் வந்துவிட்டது, ப்ரேக் சிலிண்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது வரும்வரை பொறுத்திரு.

தீராத நன்றியுடன்,
கினிகத்தேனையிலிருந்து உன் இளையவள்