துபாய் – திருவனந்தபுரம் 4 மணி நேரம்... அப்புறம்?

துபாயிலிருந்து திருவனந்தபுரம் எவ்வளவு தூரம்? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சுமார் 2,950 கிலோமீட்டர், 4 மணி நேரம். நம்மில் பலருக்கும் அவரவர் ஊர்க் கணக்கு இப்படி மனப்பாடமாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் கொஞ்சம் வில்லங்கம் இருக்கிறது மக்களே.

முதலில் தூரம். 2,950 என்பது இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தது. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம்தான் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து 4 ஆகிறது. துபாய்க்குத் திரும்பும்போது எதிர்க்காற்று பலமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

அடுத்தது கடிகாரம். இரவு 10 மணிக்குக் கிளம்பினால் அதிகாலை மூன்றரைக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும். ஐந்தரை மணி நேரமா என்று பதற வேண்டாம். அதில் ஒன்றரை மணி இந்திய நேர வித்தியாசம்.

இதெல்லாம் எங்கள் அம்மாவுக்குத் தேவையில்லை. அவர் கேட்பது ஒன்றுதான்: "மக்கா, வீட்டுக்கு எப்பம் வருவ?"

வீடு இருப்பது போனக்காட்டில். அகத்தியர்கூடம் மலைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து லயம். விமான நிலையத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக 60 கிலோமீட்டருக்குப் பக்கம். காணித்தடம் செக்போஸ்ட் தாண்டினால் காட்டுப் பாதை. யானை நடமாட்டம் உண்டு என்பதால் இருட்டில் மேலே ஏற டிரைவர்கள் யோசிப்பார்கள். ஆக, 2,950 கிலோமீட்டருக்கு 4 மணி, மிச்சம் 60 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி. இங்கே வாசலைப் பூட்டியதிலிருந்து அங்கே வாசலை மிதிக்கும்வரை கூட்டினால் 12 மணி நேரம்.

2014-ல் ஆச்சி தவறிய சேதி சாயங்காலம் வந்தது. அதிர்ஷ்டவசமாக 10 மணி விமானத்தில் இடம் கிடைத்தது. விடிகிற நேரம் விதுரா, 7 மணிக்கு வீடு. ஆச்சி பிறந்த ஊர் பாபநாசம். மலைக்கு அந்தப் பக்கம், நேர்கோட்டில் 25 கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நடுவில் மலை நிற்கிறதே! தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை, மடத்தறை, பாலோடு என்று சுற்றினால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். விடிகாலை 5 மணிக்கு வேன் பிடித்துக் கிளம்பிய ஆச்சியின் தம்பி வந்து சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. என்னைப் பார்த்ததும், "துபாய்க்காரன் எனக்கு முந்தி வந்துட்டானே" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். அவருக்காகத்தான் அதுவரை எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் ஊரில் சொல்லி வைத்திருப்பது 12 மணி நேரக் கணக்கு. 4 மணி நேரம் என்று சொன்னால் ஐந்தாவது மணியிலேயே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இடம் கிடைக்காவிட்டால் அடுத்த விமானம் எப்போது, அதில் வந்தால் எத்தனை மணி என்பதும் அம்மாவுக்குத் தெரியும். காலண்டரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நீங்களும் ஒருநாள் உட்கார்ந்து உங்கள் வீட்டு வாசல் கணக்கைப் போட்டு ஊரில் சொல்லி வையுங்கள். நல்லது கெட்டது எதுவானாலும், எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.