டி டிரைவ் தனி டிஸ்க் இல்லை மக்களே!

செமஸ்டர் லீவு, வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர், கையில் ஒரு உபுண்டு சிடி. இந்த மூன்றும் ஒரு இன்ஜினியரிங் மாணவனிடம் ஒரே நாளில் சேர்ந்தால் என்ன ஆகும்? பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் 2008 டிசம்பரில் ஆனது இதுதான்.

அந்த வீட்டுப் பொட்டியில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. ஒரிஜினல் எல்லாம் இல்லை, அசெம்பிள் செய்தவர் போட்டுக் கொடுத்தது. பென் டிரைவ் செருகினால் போதும், 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் ஒரு வைரஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபார்மட், மறுபடியும் எக்ஸ்பி. ஹாஸ்டலில் சீனியர் ஒருவர் உபுண்டு 8.04 ஓட்டுவதைப் பார்த்ததிலிருந்து பையனுக்குத் தூக்கமில்லை. அப்போதெல்லாம் கேட்டால் உபுண்டு சிடியை இலவசமாகத் தபாலிலேயே அனுப்பி வைத்தார்கள் (2011-ல் நிறுத்திவிட்டார்கள்). அட்டை உறையில் வந்த சிடியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தான்.

அப்பா தபால் அலுவலகத்தில் வேலை. மாலையில் வந்து சட்டையைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஆச்சி சொன்ன கதைகள், சொலவடைகள், நடுகைப் பாட்டு எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில் இரண்டு விரலால் தட்டித் தட்டிச் சேர்த்துவந்தார். மூன்று வருட வேலை. ஆச்சி போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கோப்புகள் எல்லாம் டி டிரைவில்.

இங்கேதான் விஷயமே. எக்ஸ்பியை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் சி டிரைவ்தான் காலியாகும், டி அப்படியே இருக்கும். அதனால் சி ஒரு டிஸ்க், டி இன்னொரு டிஸ்க் என்றே பையன் நினைத்துக்கொண்டிருந்தான். உண்மையில் அது ஒரே 80 ஜிபி வட்டில் போட்ட இரண்டு பாகம். ஒரு வீட்டில் குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டு அறை ஆக்கியதுபோல. உபுண்டு நிறுவும்போது இடத்தைச் சுருக்கவா, முழு வட்டையும் எடுத்துக்கொள்ளவா, நீயே பிரிக்கிறாயா என்று கேட்கும். 'முழு வட்டு' என்றால் சி மட்டும்தானே என்று அழுத்திவிட்டான். சுவரோடு வீடும் போச்சு.

அரை மணி நேரத்தில் பழுப்பும் ஆரஞ்சுமாக உபுண்டு வந்து நின்றது. அழகாகத்தான் இருந்தது. டி-யைத் தேடியபோதுதான் வயிறு கலங்கியது.

சாயந்திரம் அப்பா வந்தார். "என்னல, கலர் மாறிருக்கு?" என்றார். சொன்னான். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருக்கலாம்.

வட்டைப் பிரித்து மாற்றி எழுதினாலும் பழைய தகவல் உடனே அழிந்துவிடுவதில்லை. அதே இடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை உள்ளே கிடக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டதும் அவன் செய்த ஒரே புத்திசாலித்தனம், கம்ப்யூட்டரை அணைத்ததுதான். மறுநாள் வட்டைக் கழற்றித் துணியில் சுற்றி, சைக்கிளில் நண்பன் வீட்டுக்குப் போனான். ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருளை இறக்கி ஓட்டினான். (ஓட்டியது நண்பனின் விண்டோஸில்! சிரிக்காதீர்கள்.) அது கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடுவதால் பெயரெல்லாம் போய்விடும், எண்கள்தான் மிஞ்சும். இரவு வரை ஓடி, ஆயிரக்கணக்கில் கொட்டியது. பாதி குப்பை.

டாக் கோப்புகளைத் திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழில்லை. பாமினியில் அடித்தது உள்ளே ஆங்கில எழுத்தாகவே பதிவாகும், எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். எழுத்துருவும் சி-யோடு போயிருந்தது. ஜங்ஷன் பக்கம் டிடிபி கடையில் அதை வாங்கிவந்து போட்டதும், சொலவடைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

பிறகு பத்து நாள், அப்பாவும் மகனும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இவன் திறப்பான், அவர் இரண்டு வரி படித்துப் பெயர் சொல்வார், இவன் மாற்றுவான். பொங்குதமிழ் மாற்றியில் போட்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள், இனி எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் எழுத்து கூடவே வருமே என்று. அவ்வளவு கதையையும் அவன் முதல்முறையாகப் படித்தது அப்போதுதான். அதற்கு முன் அப்பா என்ன தட்டுகிறார் என்று எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

உபுண்டு அப்படியே இருந்தது. அப்பாதான் இருக்கட்டும் என்றார். அதில் தமிழ்99 விசைப்பலகை பழகினார். 'அம்மா' என்று அடிக்க பாமினியில் ஐந்து தட்டு, இதில் நான்குதான் என்று கண்டுபிடித்து, வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

எல்லாம் கிடைக்கவில்லை. நடுகைப் பாட்டுக் கோப்பு வரவேயில்லை. தென்காசியில் இருக்கும் அத்தையைப் போனில் பிடித்து, அவர் பாடப் பாட அப்பா அடித்தார். அத்தைக்கும் இடையில் நான்கு வரி மறந்துபோயிருந்தது. அந்த இடத்தில் அப்பா வரிசையாகப் புள்ளி வைத்துவிட்டு, மேலே அடிக்கத் தொடங்கினார்.