குழலும் ஈயமும்

பாரிஸ் நகரத்து நோத்ர டாம் பேராலயத்தின் பெரிய ஓர்கன், ஐந்தாண்டு மௌனத்தின் பின் 2024 டிசெம்பர் 7ஆம் நாள் மீண்டும் ஒலித்தது. நாட்டுத் தலைவர்களும் கோடீசுவரர்களும் வந்திருந்தனர். பேராயர் கருவியை விளித்து எழுமாறு வேண்டினார்; அதுவும் முழங்கி விடைகூறியது. அழகான சடங்குதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்கருவியை எழுப்பியவர்கள் யாவர் என்பதை நாம் வேறிடத்திலேயே தேடவேண்டியுள்ளது.

2019 ஏப்ரில் 15இல் ஆலயத்தின் கூரை எரிந்தபோது நெருப்பு ஓர்கனைத் தீண்டவில்லை. தண்ணீரும் பெரிதாகப் படவில்லை. ஆனால் கூரையிலும் கோபுரக் கூம்பிலும் இருந்த ஈயம் நானூறு தொன்னுக்கும் அதிகம். தீயில் எழுந்த அதன் தூசு மஞ்சள் மாவாகக் கருவியெங்கும் படிந்தது. ஏறத்தாழ 8000 குழல்கள்! பென்சிலினும் மெல்லியவை முதல் ஆள் நுழையத்தக்கவை வரை அத்தனையும் நஞ்சேறிக் கிடந்தன. இதில் ஒரு விநோதம் உண்டு. ஓர்கனின் உலோகக் குழல்கள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்க்கப்படுபவை. குரல் கொடுக்கும் உலோகமே குரல்வளையை அடைத்துவிட்டது.

2020 ஓகஸ்டில் கழற்றத் தொடங்கினர், டிசெம்பரில் முடித்தனர். முகமூடியும் காப்புடையும் அணிந்தவர்கள் குழல்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பெட்டிகளில் அடுக்கினர். பட்டறைகளில் அவை தூய்மையாக்கப்பட்டன. காற்றைத் தேக்கிக் குழல்களுக்குப் பகிரும் பெட்டிகளின் நைந்த தோல்கள் அகற்றப்பட்டுப் புதிய தோல் பொருத்தப்பட்டது. பழைய குழல்கள் மீண்டும் தத்தம் துளைகளில் ஏறின. அதன் பின்னர்தான் மிக நுண்ணிய வேலை தொடங்கியது. ஒருவர் கட்டையை அழுத்துவார், மற்றொருவர் கருவியின் வயிற்றுக்குள் நின்று, ஒலிக்கும் குழலின் வாயையோ நாக்கையோ மயிரிழையளவு திருத்துவார், மீண்டும் கேட்பார்கள். பகலில் தச்சரும் கொற்றரும் எழுப்பும் ஓசையில் இது ஆகாது. எனவே மாதக்கணக்கில் இரவிலேயே நடந்தது. ஊர் உறங்க, ஒற்றைச் சுரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காதுகளை நாம் நினைத்துப் பார்க்கிறோம்.

பழைய பாகங்களைக் காத்து மீண்டும் பயன்படுத்துவது இக்கருவிக்குப் புதிதன்று. கிளிக்கோ என்னும் கைவினைஞர் இதனைப் புதுக்கியது 1788இல். அடுத்த ஆண்டு புரட்சி. அந்தப் புரட்சியைப் போற்றும் நாம் ஓர் உண்மையை ஒளிக்கலாகாது. அக்காலத்தில் பல ஆலயங்களின் ஓர்கன்கள் விற்கப்பட்டன, குழல்கள் உருக்கப்பட்டன. மன்னரையும் குருமாரையும் வெறுத்த மக்கள், தம் முன்னோரின் உழைப்பையும் சேர்த்து உலையிலிட்டனர். இக்கருவி தப்பியது. 1868இல் கவாயே-கொல் இதனை ஏறத்தாழப் புதிதாகவே கட்டினார். எனினும் கிளிக்கோவின் குழல்களில் நல்லவற்றை எறிந்துவிடவில்லை. பழையது கழிவதைக் குற்றமெனக் கொள்ளாத நன்னூலை வகுப்பறையில் ஓதும் நமக்கு, கழிக்கவேண்டியது எது என்ற வினாவுக்கு இந்தத் தொழிலாளி தரும் விடை உவப்பாயிருக்கிறது. ஊதிப் பார்த்தார், ஒலித்ததை வைத்துக்கொண்டார்.

கிளிக்கோவையும் கவாயே-கொல்லையும் நூல்கள் அறியும். மின்சாரம் வருமுன் இத்தகைய கருவிகளின் துருத்திகளை மிதித்து மூச்சுக் கொடுத்தவர்களை யார் அறிவார்?

தீ அணைந்த இரு நாட்களுக்குள் ஒரு செல்வக் குடும்பம் 20 கோடி யூரோவும் மற்றொன்று 10 கோடி யூரோவும் தருவதாக அறிவித்தன. மாதக்கணக்காக வீதியில் நின்று கூலிக்கும் வாழ்வுக்கும் குரலெழுப்பிய மஞ்சள் அங்கியினர், கல்லுக்கு இரங்கும் பணம் மனிதருக்கு இரங்காதது ஏன் என்று கேட்டனர். நியாயமான கேள்வி. ஆயினும் சிறுதொகை அனுப்பியோரும் உள்ளிட்டு, உலகெங்குமிருந்து கொடுத்தவர்கள் ஏறத்தாழ 3 இலட்சத்து 40 ஆயிரம் பேர் என்பதையும் மறக்கலாகாது. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலயமும் அதனுள் இருக்கும் ஓர்கனும் அரசின் உடைமை. அதாவது மக்களின் உடைமை.

ஈயத்தூசு ஆலயத்தோடு நிற்கவில்லை. அயலிலிருந்த பள்ளிக்கூடங்களிலும் படிந்தது, சில மூடப்பட்டன. தொழிலாளருக்குப் போதிய காப்பு இல்லை என்று தொழிற் பரிசோதகர் முறையிட்டதால் 2019 யூலை 25இல் திருத்தப் பணிகள் நிறுத்தப்பட்டன. உடைமாற்றும் இடங்களும் குளியலறைகளும் ஒழுங்காக அமைந்த பின்னரே ஓகஸ்டில் மீண்டும் தொடங்கின. மறு ஆண்டில் ஓர்கனைக் கழற்ற வந்தவர்களுக்கும் அதே விதிதான்: உள்ளே அணிந்த உடையை அங்கேயே களைந்து, குளித்து, பிறகே வெளியே வந்தனர்.