முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை



நாற்பத்தாறு வயதில் நான் மீண்டும் மாணவியானேன். 2019 ஜனவரியில் ஜொகூர் பாருவில் ஒரு மாலை வகுப்பில் சீனமொழி கற்கச் சேர்ந்தேன். வாரத்திற்கு இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் சீனர்கள். இத்தனை ஆண்டுகள் அவர்களோடு மலாய்மொழியிலேயே பேசிச் சமாளித்துவிட்டேன். அந்தக் குறையைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

தொடக்கத்தில் உற்சாகத்திற்குக் குறைவில்லை. புதிய குறிப்பேடு ஒன்றில் கற்ற சொற்களை எண்ணிட்டு எழுதினேன். சீனமொழித் திறன் தேர்வான எச்எஸ்கே அப்போது ஆறு நிலைகளைக் கொண்டிருந்தது. முதல் நிலைக்கு 150 சொற்கள், இரண்டாம் நிலைக்கு 300, மூன்றாம் நிலைக்கு 600. ஏப்ரல் மாதத்தில் என் குறிப்பேடு 150-ஐத் தாண்டியது. அன்று வீட்டில் அனைவருக்கும் என் செலவில் ஐஸ்கிரீம்!

மறுநாள் காய்கறிக் கடையில் கத்தரிக்காயின் விலையைச் சீனமொழியில் கேட்டேன். கடைக்காரர் சொன்ன பதிலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஏட்டில் கண்டால் அடையாளம் தெரியும் சொல் வேறு, காதில் விழுந்தவுடன் புரியும் சொல் வேறு, நாவில் தானாக வந்து நிற்கும் சொல் வேறு. இம்மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்து எழுதியிருந்தேன்.

செப்டம்பர் மாதத்திற்குள் சலிப்பு மேலிட்டது. எவ்வளவு படித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றியது. இதற்குக் காரணம் உண்டு என்பதைப் பின்னரே உணர்ந்தேன். எந்த மொழியிலும் முதலில் கற்கும் சில நூறு சொற்கள் அன்றாடப் பேச்சில் ஓயாமல் வருபவை. அவற்றில் பத்துச் சொற்கள் கூடினாலும் வேறுபாடு உடனே தெரியும். பிறகு கற்கும் சொற்களோ எப்போதாவதுதான் எதிர்ப்படும். ஆகவே அதே உழைப்பிற்குப் பலன் குறைவாகத் தெரிகிறது. இதை அறியாத நான், வகுப்பை விட்டுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

என்னைத் தடுத்தது என் கைப்பேசி. முதல் மாதத்தில் எங்கள் வகுப்பாசிரியர், "உங்கள் குடும்பத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்து வையுங்கள்" என்று சொல்லியிருந்தார். அந்தப் பதிவை ஒரு நாள் தற்செயலாகக் கேட்டேன். மூன்று நிமிடத்தில் ஏழே வாக்கியங்கள்! மற்றதெல்லாம் திணறலும் பெருமூச்சும். 'இரண்டு பிள்ளைகள்' என்பதற்குக்கூட, எண்ணும்போது சொல்லும் 'எர்' என்ற சொல்லைப் போட்டிருந்தேன். பொருள்களையும் ஆட்களையும் குறிக்கும்போது 'லியாங்' என்றல்லவா வரவேண்டும்? அந்தப் பிழை என்னை விட்டு எப்போது நீங்கியது என்பது எனக்கே தெரியவில்லை. உடனே அதே தலைப்பில் மீண்டும் பேசிப் பதிவு செய்தேன். இருபத்து மூன்று வாக்கியங்கள் வந்தன. பிழைகள் இருந்தன. ஆனால், அவை வேறு பிழைகள்.

நண்பர்களே, இதுவரை சொன்னது என் கதை. இனிச் சொல்லப்போவது என் மனத்தை உறுத்தும் கதை.

அதே ஆண்டு என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தந்தை தமிழர், தாய் சீனர். இருவரும் நாள்தோறும் விடியுமுன் எழுந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர்கள். அவனை வளர்த்தவர் தாய்வழிப் பாட்டி. வீட்டுமொழி சீனமொழி. தமிழ்மொழியில் அவன் பெற்ற புள்ளிகள் முதலில் 28, பின்னர் 31, அதன் பின்னர் 30. மூன்று முறையும் அவனுடைய அறிக்கையில் 'முன்னேற்றம் போதவில்லை' என்றே எழுதினேன்.

மூன்றாம் முறை அறிக்கை பெறப் பாட்டியே வந்தார். அவருக்கு மலாய்மொழி அவ்வளவாக வராது. பேரனிடம் ஏதோ சொன்னார். அவன் தலையைக் குனிந்தபடி மொழிபெயர்த்தான்: "போன தடவையும் இதையேதான் எழுதினீங்களாம். நடுவுல நான் ஒண்ணுமே படிக்கலையான்னு பாட்டி கேக்குறாங்க, டீச்சர்."

மலாய்மொழியில் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் புரியாமலே தலையாட்டிவிட்டுப் போனார்.

என் குரலை நானே கேட்ட அன்றிரவு, பாட்டியின் அந்தக் கேள்வி மீண்டும் வந்து நின்றது. மறுநாள் அவனுடைய பயிற்சிப் புத்தகங்களை எடுத்து, ஜனவரிப் பக்கத்தையும் செப்டம்பர்ப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் 'அம்மா வந்தான்', 'மாடுகள் போனாள்' என்று எழுதியிருந்தான். சீனமொழியில் வினைச்சொல் ஆண், பெண், ஒருமை, பன்மைக்கேற்ப மாறுவதில்லை. நம் திணை, பால் விகுதிகள் அப்பிள்ளைக்குப் புதிய உலகம். செப்டம்பரில் அவன் எழுதிய எட்டு வாக்கியங்களில் ஏழில் எழுவாயும் பயனிலையும் பொருந்தி நின்றன. யாரும் தூண்டாமல் 'ஆனால்' என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதியிருந்தான்.

அப்படியானால் புள்ளிகள் ஏன் ஏறவில்லை? ஒவ்வொரு தேர்விலும் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போயின. அவனும் அவற்றோடு ஏறிக்கொண்டே இருந்தான். நான் ஏணியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தேன்.

அவ்வார இறுதியில் அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். வழியெல்லாம் மனத்தில் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைப் பாட்டியிடம் சொன்னேன்: "தா யோவ் ஜின்பு." அவன் முன்னேறியிருக்கிறான் என்பது பொருள். பாட்டிக்கு விளங்கவில்லை. மாணவன்தான் சிரித்துக்கொண்டே, "ரெண்டும் மேலேயிருந்து கீழே இறங்கணும், டீச்சர்" என்று கையால் காட்டினான். மீண்டும் சொன்னேன். இரண்டு புத்தகங்களையும் விரித்து வைத்தேன். பாட்டி தமிழ் எழுத்தறியாதவர். ஆயினும் சிவப்பு மை குறைந்திருப்பதை விரலால் தடவிப் பார்த்தார். அவன், "நான் தமிழ்ல மக்குன்னு நெனச்சேன், டீச்சர்" என்றான். அதை அவனுக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தவள் நான்தானே.

அதன் பிறகு நானும் மாணவர்களும் பின்பற்றிவரும் வழக்கங்கள் இவை:

1. மாதத்தின் முதல் வாரத்தில், ஒரே தலைப்பில் முன்தயாரிப்பின்றிப் பேசிப் பதிவு செய்தல். பழைய பதிவுகளை அழிப்பதில்லை.

2. 'என்னால் முடியும்' பட்டியல். ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொது ஐரோப்பிய மொழிச் சட்டகம், ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளையும் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்றே விளக்குகிறது. நாங்களும் 'கடைக்காரர் சொன்ன விலை புரிந்தது' என்பதைப் போலத் தேதியிட்டு எழுதுகிறோம்.

3. பிழைப் பக்கம். அடிக்கடி செய்யும் ஐந்து பிழைகளை மட்டும் எழுதி, நீங்கியதை ஒரு கோட்டால் அடித்தல்.

4. ஆண்டிறுதிவரை பயிற்சிப் புத்தகங்களை வீசாதிருத்தல். பெற்றோர்களே, இது முக்கியமாக உங்களுக்கு!

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவு நிலைகள் இடுகிறோம். அந்த எண்ணுக்கு அருகில், சென்ற முறை இயலாத எது இம்முறை இயன்றது என ஒரு வரி எழுதினால் போதும். முப்பது பிள்ளைகளுக்கு எழுதுவது எளிதன்று என்பதை அறிவேன். நான் ஒரு நாளைக்கு மூவர் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாணவன் முதல் நிலை மாணவனாக ஆகிவிடவில்லை. ஆனால், அடுத்த ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது, எவரும் கேட்காமலே புலனத்தில் எனக்குக் குரல் பதிவு அனுப்பினான். மூன்று நிமிடம், தன் பாட்டியைப் பற்றி. நானும் பதிலுக்குச் சீனமொழியில் ஒன்று அனுப்பினேன். 'நாலு தப்பு, டீச்சர்' என்று திருத்தி எழுதினான். அவற்றை என் பிழைப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். இரண்டை அடித்துவிட்டேன். இரண்டு இன்னும் இருக்கின்றன.