ஏரோதுக்கு ஒரு கட்டியங்காரன்

பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமங்களில் மார்கழி மாதம் தூங்கவிடாது. விடியற்காலை நாலரைக்கே மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் திருப்பாவை கிளம்பிவிடும். அது ஓய்ந்தால் பஜனைக்காரர்கள் ஜால்ராவோடு தெருவைச் சுற்றுவார்கள். டிசம்பர் இருபது தாண்டியதும் ராத்திரியிலும் பாட்டு சேர்ந்துகொள்ளும். ஒருவர் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு, இன்னொருவர் தோளில் டோலக், அவர்களுக்குப் பின்னால் முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா என்று கேரல் கோஷ்டி வரும். டிசம்பர் 25 மார்கழி ஒன்பதிலோ பத்திலோ விழுவதால் இரண்டு கூட்டமும் ஒரே பனியில் நனைந்தன. சில நாள் கேரல் முடிந்து திரும்புகிறவர்கள் பஜனைக்குக் கிளம்பி வருகிறவர்களை டீக்கடையில் சந்திப்பதும் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் சிறுபிள்ளையாக இருந்த எனக்கு இவை இரண்டு மதத்தின் பாட்டுகள் என்று தோன்றியதில்லை. ஒன்று போர்வைக்குள்ளிருந்து கேட்பது, மற்றது திண்ணைக்கு ஓடிப்போய்ப் பார்ப்பது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டுக்கும் மைக் செட் ஒரே பாயுடையது. மாரியம்மன் பண்டிகை, மாதா கோயில் தேர், தர்கா சந்தனக்கூடு, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் அவர்தான். தகரப் பெட்டியில் ரெக்கார்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அடுக்கி வைத்திருப்பார். யார் வீட்டு விசேஷமானாலும் முதலில் சீர்காழி கோவிந்தராஜன், அடுத்து நாகூர் ஹனிபா, மூன்றாவதாக ஒரு கிறிஸ்தவப் பாட்டு. இந்த வரிசைக்குப் பிறகுதான் சினிமாப் பாட்டு. யாராவது அவசரப்படுத்தினால், “இருப்பா, சாமிங்க முடியட்டும்” என்பார். அந்தப் பன்மையை அவர் சிந்தித்துச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தொழில் அப்படி.

கிறிஸ்தவம் என்றால் நாகர்கோவில், பாளையங்கோட்டை, தூத்துக்குடி என்றுதான் தமிழ்நாட்டில் நினைப்பு ஓடும். தர்மபுரி யார் கணக்கிலும் வராது. 2011 கணக்கெடுப்பில் பதினைந்து லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுதான். ஆனாலும் கோவிலூர், பொம்மிடி பக்கத்துப் பள்ளிப்பட்டி மாதிரி பேர் சொன்னாலே மாதா கோயில் நினைவுக்கு வரும் ஊர்கள் உண்டு. 1965 வரை நாங்கள் சேலம் மாவட்டம். கத்தோலிக்கர்கள் அதற்கப்புறமும் முப்பது வருஷத்துக்கு மேல் சேலம் மறைமாவட்டமாகவே இருந்து, 1997-ல்தான் தர்மபுரிக்கென்று தனி ஆயர் வந்தார். அதற்கும் முந்திய கதை பாராமகால். மைசூர்ச் சீமையோடு இருந்து 1792-ல் திப்புவிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறிய பூமி. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே சந்தையில் பேரம் பேசுகிற ஊர்கள் இவை. தமிழில் செபம் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்ததும் பிள்ளையைத் தெலுங்கில் திட்டுகிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு டீச்சரம்மா வீடு. ஓட்டு வீடு, முன்னால் கொய்யாமரம். அரைப்பரீட்சை முடிந்த அன்றே அவர்கள் வீட்டுத் திண்ணையில் நட்சத்திர வேலை தொடங்கிவிடும். மூங்கிலைப் பிளந்து சிம்பாகச் சீவி, ஐந்து சிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஓட்டி ஒரு நட்சத்திரச் சட்டம், அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் முனைகளில் நூலால் கட்டியபின், நடுவில் ஐங்கோணமாக வெட்டிக்கொள்ளும் இடங்களில் விரல் நீளக் குச்சிகளை முட்டுக் கொடுத்தால்தான் நட்சத்திரத்துக்கு வயிறு வரும். முட்டுக் கொடுக்கும்போது சிம்பு தெறித்து முகத்தில் அடிக்கும். அதற்காகவே பெரிய பையன்கள் எங்களை அந்த வேலைக்கு விடுவார்கள். அதன்மேல் பட்டம் விடும் காகிதத்தை மைதாப் பசையில் ஒட்டுவோம். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் பூச்சி தின்றுவிடும். ஒரு முக்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விட்டு, அதன் வழியாக ஜீரோ வாட் பல்பு இறங்கும். டீச்சரம்மா வீட்டுக்காரர் பல்பை மாட்டிவிட்டுச் சுவிட்சைப் போடச் சொல்லி எங்களில் யாரையாவது கூப்பிடுவார். பாதி நாள் கரண்ட் இருக்காது.

குடில் செய்வது வாலிபர்கள் பொறுப்பு. மாரியம்மனுக்கு முளைப்பாரி போட்டுக் கை பழகிய பெண்கள்தான் குடிலுக்கும் தட்டுகளில் கேழ்வரகு விதைத்து இருட்டறையில் வளர்த்துக் கொடுப்பார்கள். பெத்லகேமில் கேழ்வரகு விளையுமா என்று யாரும் கேட்டதில்லை. ஒரு வருஷம் குடிலுக்குள் ஒகேனக்கல்லே வந்துவிட்டது. கரியைப் பூசிய காகிதப் பாறைகள், நடுவில் மருத்துவமனை டியூபில் இறங்கும் நிஜத் தண்ணீர், கீழே தேங்காய் ஓட்டில் செய்த பரிசல். பரிசலில் சூசையப்பரையும் மாதாவையும் உட்கார வைத்திருந்தார்கள். எகிப்துக்குத் தப்பிப் போகிறார்களாம். பங்குச்சாமியார் குனிந்து பார்த்து, துடுப்பு யார் போடுவது என்று மட்டும் கேட்டார். மறுநாள் பரிசலில் கோவணம் கட்டிய ஒரு களிமண் ஆள் கூடுதலாக இருந்தான்.

பலகாரத் தட்டு பரிமாறிக்கொண்ட கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். தீபாவளிக்கு இங்கிருந்து அங்கே, கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து இங்கே, ரம்ஜானுக்கு எல்லோருக்கும் நோன்புக் கஞ்சி. உண்மைதான். ஆனால் அந்தத் தட்டு அன்பினால் மட்டும் நடமாடியதாக எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அதற்குப் பின்னால் இருந்தது கறாரான ஏற்பாடு. எங்கள் வீட்டில் கச்சாயம், முறுக்கு, ஒப்பட்டு எது சுட்டாலும் சாமிக்குப் படைப்பதற்கு முன்பே டீச்சரம்மா வீட்டுக்கு ஒரு பங்கை அம்மா தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவாள். படைத்ததை அவர்கள் தொடமாட்டார்கள். தொடமாட்டார்கள் என்று தெரிந்தபின் கொடுத்து அவர்களைச் சங்கடப்படுத்துவானேன்? பாய் வீட்டுக்கும் அதே பங்கிலிருந்துதான். படைப்பதற்கு முன்னால் ஏன் எடுக்கிறாய் என்று என் அக்கா ஒருமுறை கேட்டதற்கு, “சாமிக்குத் தெரியும்டி, பேசாம நெய்யை ஊத்து” என்றாள். அதற்குமேல் அந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் விவாதம் நடந்ததில்லை.

அந்தப் பக்கத்திலும் அப்படியே. கிறிஸ்துமஸுக்கு டீச்சரம்மா வீட்டில் ஆடு அடிப்பார்கள். கசாப்புக்கடைக்காரர் தெரு முனையில்தான் இருந்தார். ஆனால் ஆட்டை அறுக்கப் பாய் வீட்டுப் பெரியவர் வரவேண்டும். அவர் ஓதி அறுத்தால்தான் மைக் செட் குடும்பம் மத்தியானம் அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியும். எங்கள் ஆயா மார்கழி முழுக்கக் கவிச்சி தொடாதவள். அவளுக்காகத் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில் புளிக்குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் ஆகும். பனிக்கு அவரை காய்த்துத் தள்ளும் மாதம் அது. “அத்தை, உங்க குழம்புல கரண்டி மாத்தல, நானே பாத்துக்கிட்டேன்” என்று டீச்சரம்மா வாசலிலேயே சொல்லிவிடுவார். ஆயா நம்புவாள், ஆனாலும் முகர்ந்து பார்ப்பாள். அடுத்தவர் எதைச் சாப்பிடமாட்டார் என்று ஞாபகம் வைத்திருப்பதுதான் கூடி வாழ்வதில் பாதி வேலை. மற்றவர் மதத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்கும் பெரிதாக எதுவும் தெரியாது. அவர்கள் விலக்குகள் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

இருபத்து நான்காம் தேதி ராத்திரி நடுச்சாமப் பூசைக்கு நாங்களும் போவோம். கம்பளி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அப்பாவின் துண்டைக் காதோடு சுற்றிக் கழுத்தில் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். தர்மபுரிப் பீடபூமிக் குளிர் சமவெளிக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. பூசை நீளம். பாதியில் தூங்கிவிடும் எங்களை மணிச்சத்தம்தான் எழுப்பும். பாலன் சுரூபத்தைச் சாமியார் தூக்கிக்கொண்டுவந்து குடிலில் வைக்கும் நேரம். வெளியே சரவெடி. முடிந்ததும் பாலனின் பாதத்தை முத்தி செய்ய வரிசை. ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு பீடப் பையன் வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டே வருவான். எங்கள் ஆயா முத்தி செய்யமாட்டாள். தொட்டுக் கண்ணில் ஒற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மடியில் கொண்டுவந்த உப்பையும் மிளகையும் மாதா காலடியில் கொட்டிவிட்டு நகர்வாள். வேளாங்கண்ணியில் யாரோ கொட்டியதைப் பார்த்து வந்த பழக்கம். டீச்சரம்மாவின் மாமியார் வேறு மாதிரி. பூசை தமிழுக்கு மாறியதெல்லாம் அறுபதுகளின் நடுவில் முடிந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான். அந்தக் கிழவிக்கு லத்தீன் பூசை காதோடு ஒட்டியிருந்தது. அர்த்தம் தெரியாமல் முழுசாகச் சொல்லுவாள். “இப்ப எல்லாம் புரிஞ்சுபோச்சு, என்ன பிரயோஜனம்” என்பது அவள் குறை.

கணக்கெடுப்பின் நூற்றுக்கு ஒருவருக்கும் அந்த ராத்திரிக் கூட்டத்துக்கும் பொருத்தமே இருக்காது. எங்களைப் போல வேடிக்கைக்கு வந்தவர்களைக் கழித்தாலும் கூட்டம் அதிகம். தலித் காலனியிலிருந்து வந்தவர்களில் பலருக்குப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் ஒரு பேர், கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் இன்னொரு பேர். என் வகுப்புத் தோழன் ஒருவன் வாத்தியார் கூப்பிடும்போது ஒருவனாகவும், பூசையில் மணியடிக்கும்போது இன்னொருவனாகவும் இருந்தான். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்திக்கொண்டது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். ஞானஸ்நானத்தைச் சர்க்காரிடம் சொன்னால் சான்றிதழ் மாறும், பையனின் ஸ்காலர்ஷிப் மாறும். அதனால் சொல்லமாட்டார்கள். சாமியாருக்கும் தெரியும், தலைமையாசிரியருக்கும் தெரியும்.

பலகாரத் தட்டின் எல்லையும் அங்கேதான் இருந்தது. மதத்தைத் தாண்டித் தெருவை நாலு சுற்று சுற்றிய அந்தத் தட்டு காலனிக்குப் போகவில்லை. அங்கிருந்து எங்கள் தெருவுக்கும் ஒரு தட்டு வந்ததில்லை. டீச்சரம்மாவின் மூதாதையர் ஞானஸ்நானம் வாங்கும்போது சாதியைக் கழற்றி வைத்துவிடவில்லை. எங்கள் ஆயா அவர் வீட்டில் தாராளமாகச் சாப்பிட்டதற்குப் புளிக்குழம்பின் கரண்டி மட்டும் காரணமில்லை. காலனியிலும் கிறிஸ்துமஸுக்குக் கச்சாயம் சுட்டார்கள், நட்சத்திரம் கட்டினார்கள், அதுவும் எங்களுடையதைவிடப் பெரியது. கேரல் கோஷ்டி முழுக்க அவர்கள் பிள்ளைகள். எங்கள் வீட்டு வாசலில் நின்று பாடிவிட்டு உண்டியலில் காசு வாங்கிப் போவார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பார்த்ததில்லை. சிறுவயதுப் பண்டிகையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சட்டென்று கேக் வாசனைக்குப் போய்விடுகிறார்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரிக்குப் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் காலனிகள் சாதி வன்முறையில் எரிந்தன. அது மதச் சண்டை இல்லை. எங்கள் மாவட்டத்தில் மதச் சண்டை வராததைப் பெருமையாகப் பேசும்போது நான் பாதிக்குத்தான் தலையாட்டுவேன்.

எல்லாத் தெருக்காரர்களும் ஒரே தரையில் உட்கார்ந்தது நாடகத்துக்குத்தான். மாதா கோயில் மைதானத்தில் கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு ராத்திரி மூவரசர் நாடகம் நடக்கும். ஏரோது ராஜா வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல், பாரதக் கூத்தில் துரியோதனன் கட்டுகிறவரையே கூப்பிட்டார்கள். கூத்துக்காரர்களுக்கு மார்கழியில் வேலை கிடையாது. மாசி, பங்குனி பிறந்தால்தான் சலங்கை எடுப்பார்கள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கிரீடமும் புஜக்கட்டையும் தன்னுடையதுதான், மிருதங்கமும் முகவீணையும் தன் ஜமாதான். அட்டைக் கிரீடம் வைத்த மூன்று ராஜாக்கள் ஒட்டகத்துக்குப் பதிலாக மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது கூட்டம் சும்மா இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து சலங்கை கேட்டதும் கிழங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கைத்திரையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்த கூத்துக் கோமாளி, சாட்சாத் கட்டியங்காரன், “யாரப்பா நீ, எந்த தேசத்து ராஜா?” என்று ஏரோதையே மடக்கினான். பிள்ளைகளைக் கொல்ல உத்தரவு போடும் இடம் வந்தபோது எங்கள் ஆயா பக்கத்திலிருந்தவளிடம், “இவன் நம்ம கம்சன்தான், பேரை மாத்தி வச்சிருக்காங்க” என்றாள். ஏரோது கிர்க்கி போட்டுச் சுழன்றதில் தூசி எழும்பி மூவரசர் இருமினார்கள்.

மறுவருஷம் புதிதாக வந்த சாமியார் கொஞ்சம் கண்டிப்பானவர். ஏரோது இருக்கட்டும், பைபிளில் கட்டியங்காரன் எங்கே இருக்கிறான் என்று அந்த வேஷத்தை எடுத்துவிட்டார். நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சனம் எழுந்து போக ஆரம்பித்தது. முதலில் போனது காலனிக் கிழவர்கள், அவர்களைப் பார்த்து எங்கள் தெருக்காரர்கள், கடைசியில் மைக்கை அணைத்துவிட்டுப் பாயும் டீ குடிக்கப் போய்விட்டார். அதற்கடுத்த வருஷம் நோட்டீஸில் ஏரோது பேருக்கு நேர் கீழே கட்டியங்காரன் பேரும் அச்சாகியிருந்தது.